அக்கா குறுக்கே நடந்த நாட்கள்

எங்கள் அக்கா கரையில் நடந்தால் மீன் ஓடிவிடுகிறது என்று ஒரு குப்பமே நம்பிக்கொண்டிருந்த சமயத்தில் நான் பி.ஏ. வகுப்பில் கணக்கு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. டிராமில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், சாயங்காலம் சாந்தோமுக்குத் திரும்பி வீட்டில் இருப்பதையெல்லாம் தின்று தீர்ப்பேன். ஆனாலும் அந்த வருஷம் புள்ளிவிவரப் பாடத்தில் ஒரு சங்கதி மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கினால், அந்த உறவை அளந்து சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. கோரிலேஷன் என்று அதற்குப் பெயர். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதிலேயே எனக்கு ஒரு மிதப்பு.

அக்கா டீச்சர். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மீன்பிடிக்கிறவர்கள் குப்பம் ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஓலைக் கொட்டகை. அதுதான் பள்ளிக்கூடம், அக்கா ஒருத்திதான் வாத்தியார். கட்டுமரங்கள் மீனோடு கரையேறும் நேரம் வந்துவிட்டால் குப்பத்துப் பிள்ளைகள் ஒன்றுகூட வகுப்பில் தங்காது. பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடிவிடும். அதட்டிப் பார்த்த அக்கா, பிறகு பள்ளிக்கூட நேரத்தையே முன்னால் தள்ளிவிட்டாள். விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்து, மரங்கள் திரும்புவதற்குள் வாய்ப்பாடும் வாசிப்பும் முடிந்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. வினையும் அதில்தான் வந்தது. அவள் பள்ளிக்குப் போகும் அதே நேரத்தில்தான் மரங்களும் கடலில் இறங்கும்.

வீட்டிலிருந்து குப்பத்துக்கு இரண்டு வழி. ஒன்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் உள்சந்து, இன்னொன்று கடற்கரை. அக்காவுக்குச் சந்துதான் வழக்கம். ஆனால் வாடைக்காற்று பலமாக அடித்துக் கடல் பொங்கினால் அந்தத் தாழ்வான சந்தில் உப்புத்தண்ணீர் ஏறிவிடும். அன்று மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோடு போவாள். மேட்டு மணலில் கால் புதையும். அதனால் அலை நனைத்து இறுகிய மணலில் நடப்பாள். அதாவது, இறங்கத் தயாராக நிற்கும் மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில்.

அந்தக் குப்பத்தில் ஒரு பெண் அப்படிக் குறுக்கே போவதைப் போலக் கெட்ட சகுனம் வேறு இல்லை. சொந்தப் பெண்டாட்டியே போனாலும் வைது தீர்த்துவிட்டுத்தான் மரத்தை இறக்குவார்கள். அக்காவுக்கு அது தெரியாது. டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களும் ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

தீபாவளி கழிந்து காற்று மாறிய பிறகு ஒரு நாள் அக்கா முதுகெல்லாம் ஈர மணலோடு வீட்டுக்கு வந்தாள். யாரோ வாரி எறிந்திருக்கிறார்கள். யார் என்று கேட்பதற்குள் நேரே கிணற்றடிக்குப் போய்விட்டாள். விஷயத்தைச் சொன்னது, கூடையோடு கொல்லைப்பக்கம் வந்து நின்ற மீன்காரம்மா. எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவள், அந்தக் குப்பத்துக்காரி, அவள் மகனும் கட்டுமரம் ஏறுகிறவன்.

"நாட்டார் சொல்ட்டாரும்மா. இன்னொரு தபா டீச்சரம்மா குறுக்க வந்தா ஒரு புள்ளையும் இஸ்கூலுக்கு வராதாம். ஊரே கூடி நின்னு கேட்டுகினு இருந்துது."

நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். பிள்ளைகள் வராவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து காலி பெஞ்சுகளைப் பார்ப்பார், பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதுவார். அப்பா போன பிறகு எங்கள் மூன்று பேருக்கும் சோறு அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"சந்துலயே போயேன்டி," என்றாள் அம்மா.

"இடுப்பளவு தண்ணி நிக்குதும்மா. மயிலாப்பூர் சுத்திப் போனா நான் போய்ச் சேர்றதுக்குள்ள மரம் எல்லாம் திரும்பிடும்," என்றாள் அக்கா. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

மறுநாளே நான் நாட்டாரைப் பார்க்கப் போனேன். கையில் கோரிலேஷன் இருக்கும்போது பயம் எதற்கு?

அவர் கரையில் உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டீச்சரம்மா தம்பியா? குந்து."

குந்தினேன்.

"நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. உங்க அக்கா குறுக்க வந்த அன்னிக்கெல்லாம் பாடு இல்ல. வராத அன்னிக்கிப் பாடு கீது. பொய்யா?"

பாடு என்றால் அன்றைக்குக் கிடைக்கிற மீன். அவர் சொன்னது பொய் இல்லை. சூத்திரத்தில் போட்டால் விடை உச்சத்தில் போய் நிற்கும். அதுதான் எரிச்சல்.

"பொய் இல்ல நாட்டாரே. ஆனா எங்க அக்கா ஏன் கரையில வராங்க? காத்து அடிச்சு சந்துல தண்ணி ஏறினாத்தான வராங்க. அதே காத்துதான கடலக் கலக்கி மீனையும் வெரட்டுது. காத்து பண்ற வேலை ரெண்டும். ரெண்டும் ஒரே நாள்ல நடக்குது, அவ்வளவுதான்."

"காத்து எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அடிக்கிது, நைனா. காத்துலயும் பாடு கெடச்ச நாள் கீது. உங்க அக்கா வந்தப்பறம்தான் ஒண்ணுமே இல்லாம பூட்டுது."

"அதுக்கு முன்னாடி யாரு எண்ணிக்கிட்டு இருந்தாங்க? இப்ப எண்றீங்க. எங்க அக்கா வந்த அன்னிக்கு மட்டும்."

வலை பின்னிய கை நின்றது. "இன்னா சொல்ற? எங்களுக்கு எண்ணத் தெரியாதுன்றியா?"

சுற்றி நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். நேற்று மணல் எறிந்தவன் இவர்களில் எவன் என்று ஒரு பக்கம் மனசு தேடிக்கொண்டிருந்தது. காரணத்தை விளக்கி இவர்களை மடக்க முடியாது என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. அவர்களிடமும் ஒரு காரணம் இருக்கிறது, என்னிடமும் ஒன்று இருக்கிறது. நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் பொருந்தும். அக்காவின் நடையைக் காற்றிலிருந்து பிரித்தெடுத்தால்தான் எது மெய் என்று தெரியும். காற்று அடிக்காத நாளிலும் அவள் குறுக்கே போகவேண்டும். அடிக்கிற சில நாளில் போகாமல் இருக்கவேண்டும். எந்த நாள் என்பதை அவளும் தீர்மானிக்கக் கூடாது, கடலும் தீர்மானிக்கக் கூடாது.

"தெனம் காலையில ஒரு காசு சுண்டிப் போடுவோம்," என்றேன். "தலை விழுந்தா அக்கா குறுக்க நடக்கட்டும். பூ விழுந்தா எவ்வளவு தண்ணி நின்னாலும் சந்துலயே போகட்டும். பாடு எப்படி வருதுன்னு பார்ப்போம்."

"ஒரு காசு கையில எங்க உசுரக் குடுக்கச் சொல்றான் பாரு," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "காலேஜ்ல சூதாட்டம்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா மச்சி?"

சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. நாட்டார் கையை உதறிக்கொண்டு எழுந்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்தாள்.

"காசு இன்னாத்துக்கு? அம்மன்கிட்ட பூ கட்டிப் பாரேன். கல்யாணத்துக்கே அதான பாக்கறோம். அவ நடன்னா நடக்கட்டும், வாணான்னா வாணாம். அம்மன் சொல்றத எவன் தட்டுவான்?"

நாட்டார் மறுபடி உட்கார்ந்தார். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டுக் கலைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பது அங்கே வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. நான் கேட்ட காசு இதுவேதான், இலையில் சுற்றியிருக்கிறது. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

கட்டுகிறவர் நாட்டார், எடுக்கிறவள் மீன்காரம்மா என்று முடிவாயிற்று. இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள் அவள். கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு பானை வைத்தார்கள். ஒன்றில் சுண்ணாம்பால் ஒரு குடை வரைந்தார் நாட்டார். அக்கா குறுக்கே நடந்த நாளுக்கு அந்தப் பானை, நடக்காத நாளுக்கு மற்றது. பாடு கிடைத்தால் வெள்ளைக் கிளிஞ்சல் போடவேண்டும், வெறுங்கையோடு வந்தால் கறுப்புக் கல்.

எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவிடம் சொன்னதும் அவள் ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மன் கோயில்ல பூப் போட்டு என் பொண்ணு நடக்கணுமா? பாவசங்கீர்த்தனத்துல இத எப்படிடா நான் சாமியார்கிட்ட சொல்லுவேன்?"

"கணக்குன்னு சொல்லும்மா."

"அவருக்குக் கணக்கு வராது. என்னை மூணு மாசம் முட்டி போட வெச்சிடுவாரு."

அக்கா குடையை எடுத்து வாசலில் வைத்தாள். மறுநாள் விடியலில் வெள்ளை வந்தது. சந்து காய்ந்து கிடந்தது, காற்று இல்லை. ஆனாலும் குடையோடு கரைக்கு இறங்கி, மரங்களுக்கு முன்னால், ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்தாள். ஆட்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் அவள் போன தடத்தைக் காலால் தேய்த்தான். அன்று பாடு வந்தது. குடைப் பானையில் முதல் கிளிஞ்சல் விழுந்தது.

அப்படியே நாட்கள் போயின. சிவப்பு வந்த நாட்களில் சந்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். இரண்டு முறை காய்ச்சல் வந்தது. அம்மா கஷாயம் போட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள், நான் காலேஜ் போகும்வரை திட்டினாள். மார்கழி பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நாட்டார் ஊரைக் கூட்டிப் பானைகளை மணலில் கவிழ்த்தார்.

நான் எதிர்பார்த்தது, இரண்டு குவியலிலும் கிளிஞ்சலும் கல்லும் ஒரே மாதிரி கலந்து கிடக்கும் என்று. குடைப் பானையிலிருந்து கொட்டியதோ ஏறக்குறைய எல்லாமே வெள்ளை. மற்றதிலிருந்து பொலபொலவென்று கறுப்பு.

நாட்டார் அந்த வெள்ளைக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அம்மன் முன்னால் மட்டும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தாயிற்று, பள்ளிக்கூடம் பிழைத்தது. எதனால் இப்படி வந்தது என்ற கேள்வியை மூட்டை கட்டி ஓரமாக வைத்தேன்.

மறுநாள் நாட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் மீன்காரம்மா, கூடையில் ஒரு ஆள் நீளத்துக்கு வஞ்சிரம்.

"தப்பா நெனச்சிட்டோம் டீச்சரம்மா," என்றார் வாசலில் நின்றபடியே. "இனிமே தெனம் நீ குறுக்க நடந்தப்பறம்தான் மரம் எறங்கும். காத்தோ மயையோ, நீ வர வரிக்கும் காத்துகினு கீறோம். ஊர்ல சொல்ட்டேன்."

அக்கா வஞ்சிரத்தைப் பார்க்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கெயமையும் கடல் கீதே, தாயி."

அவர் போன பிறகு அம்மா வஞ்சிரத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள். மீன்காரம்மா கொல்லையில் அருவாமணையைப் போட்டு உட்கார்ந்து அதை நறுக்க ஆரம்பித்தாள். செதிலைச் சீவிக்கொண்டே அம்மாவிடம் மெதுவாகப் பேசினாள். நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"இன்னாமோ காலேஜ் கணக்குன்னு உம் புள்ள சொல்லிகினு கீது. நான் இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும்?"

"நீ என்ன பண்ண?"

"வெள்ளைக்கு நாட்டாரு சம்பங்கி வெக்கிறாரு. செவப்புக்கு அரளி. எல மேல மூக்க வெச்சா தெரியாதா? காத்து மொறைக்கிற அன்னிக்கி உம் பொண்ணு நடந்து, பாடு இல்லாம பூட்டா பயி யாரு மேல வுயும்? அதான் அன்னிக்கெல்லாம் வாசன வராதத எடுத்துட்றது. கடல் சாதுவா கீற அன்னிக்கி சம்பங்கி. எப்டி?"

கையில் இருந்த செம்பு கிணற்றுக்குள் போய்விட்டது.

மூட்டை கட்டி வைத்த கேள்வி அவிழ்ந்துகொண்டது. முதலில் காற்று அடித்த நாளெல்லாம் அக்கா கரையில் நடந்தாள், அதனால் அபசகுனம் ஆனாள். இப்போது காற்று அடித்த நாளெல்லாம் மீன்காரம்மா அவளைச் சந்துக்கு அனுப்பினாள், அதனால் லட்சுமி ஆனாள். இரண்டு தடவையும் வேலை செய்தது காற்று. நடுவில் எங்கள் அக்காவின் கால் எந்தப் பக்கம் போனது என்பது மட்டும்தான் மாறியது. சூத்திரத்தில் போட்டால் முன்பு வந்த அதே அளவு வரும், தலைகீழாக.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்காவிடம் சொன்னேன்.

"எப்படியோ ஜெயிச்சிட்டோம், விடு," என்றும் சொல்லிப் பார்த்தேன்.

அவள் வஞ்சிரத் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். "போன மாசம் நான் விஷம். இந்த மாசம் மருந்து. நாளைக்கே நான் நடந்து, காத்துல ஒரு மரம் கவிழ்ந்துபோச்சுன்னா? அப்ப மணல்தான் எறிவாங்களா? எனக்கு லட்சுமியா இருக்க முடியாதுடா. ஒண்ணுமில்லாதவளா இருந்தாப் போதும்."

"மறுபடியும் பார்க்கணும்னா மீன்காரம்மாவைக் காட்டிக் குடுக்கணும். அம்மன் பூவுல கை வெச்சான்னு தெரிஞ்சா ஊர விட்டே தள்ளிடுவாங்க."

"காட்டிக் குடுக்காமக் கேளு. பி.ஏ. படிக்கிறல்ல?"

மறுநாள் சாயங்காலம் கரைக்குப் போனேன். அக்காவும் வந்தாள். நாட்டாரிடம், இன்னொரு தடவை பூ பார்க்கவேண்டும், அதுவரைக்கும் அக்கா தினம் நடக்கமாட்டாள் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"அம்மன் சொன்னது பத்தலியா?"

"அம்மன் சொன்னதுல ஒரு கொறையும் இல்ல. பூவுலதான் கொறை. சம்பங்கி மணக்கும், அரளி மணக்காது. எடுக்கறவங்களுக்குத் தெரியாமயே கை அந்தப் பக்கம் போகலாம். வெள்ளைக்கும் அரளியே வையுங்க. வெள்ளை அரளி, செவப்பு அரளி. அவ்வளவுதான் கேக்கறேன்."

நாட்டார் மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற மீன்காரம்மாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். எவ்வளவு பக்குவமாகச் சொன்னதாக நினைத்தேனோ அவ்வளவும் வீண். நேராக அவள் பக்கம் விரல் நீட்டியது போல் ஆகிவிட்டது.

அவள் முந்தானையால் மூக்கைப் பலமாகச் சிந்தினாள்.

"என்ன இன்னாத்துக்குப் பாக்கற? ஐப்பசிலேர்ந்து எனக்குச் சளி. அழுகின காரப்பொடி மீன மூஞ்சிகிட்ட வெச்சாலே தெரியல, சம்பங்கி வாசன தெரியப் போவுதா?"

யாரோ சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, "அரளியே வெச்சிக்கலாம்," என்றார். பானைகளை எடுத்துக் கடலில் கழுவி, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

இப்போது மீன்காரம்மாவின் கை தடுமாற ஆரம்பித்தது. இலைகளுக்கு மேல் விரல் அலைந்துகொண்டே இருக்கும், எடுக்காது. கடல் சாதுவாக இருந்த நாட்களில் சிவப்பும் வந்தது, வெள்ளையும் வந்தது. பயப்படவேண்டிய நாள் பொங்கலுக்கு முன்பு வந்தது.

முந்தின ராத்திரியிலிருந்தே வாடை. விடியலில் கடல் சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகவே பாடு சரியில்லாததால் மரங்களை இறக்கியே தீருவது என்று ஆண்கள் நின்றார்கள். மீன்காரம்மாவின் மகன் முதல் மரத்தில் துடுப்போடு நின்றான். அவள் அம்மன் முன்னால் ஒரு பொட்டலத்தைத் தொட்டாள், விட்டாள், மற்றதை எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதில் வசவு எதுவும் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றினாள். நான் கூடவே இறங்கினேன்.

"நீ வராத. நீ வந்தா அப்புறம் உன்னையும் எண்ணணும்," என்றாள்.

தனியாகப் போனாள். காற்று குடையைப் பிடுங்கியது. முதல் மரத்துக்கு முன்னால் அவள் வந்தபோது பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "வாணாம் டீச்சரம்மா, இன்னிக்கி வாணாம்." இன்னொருவன் துடுப்பைக் குறுக்கே நீட்டினான். அக்கா நின்றாள்.

"அம்மன் சொல்லிக்கிறா. வயி வுடு," என்றார் நாட்டார்.

துடுப்பு நகர்ந்தது. அவள் தாண்டினாள். எல்லா மரங்களையும் தாண்டிப் பள்ளிக்குள் போனாள். மரங்கள் இறங்கின.

அன்று நான் காலேஜுக்குப் போகவில்லை. கொட்டகை வாசலில் நின்றேன். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, எல்லாம் வெறும் வலை. ஒன்று மட்டும் வரவில்லை. மீன்காரம்மாவின் மகன் போனது.

பெண்கள் கூட ஆரம்பித்தார்கள். முதலில் தண்ணீர் ஓரத்தில் நின்றார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டகைப் பக்கம் வந்தார்கள். ஒருத்தி உள்ளே புகுந்து தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்தவள் வந்தாள். வாய்ப்பாட்டுச் சத்தம் மெலிந்துகொண்டே போய் நின்றது. அக்கா காலி பெஞ்சுகளுக்கு முன்னால் சாக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். பலகையில் பாதியில் விட்ட கணக்கை முழுசாக எழுதி முடித்தாள். யாருக்கு எழுதினாளோ.

வாசலை ஆட்கள் அடைத்துவிட்டார்கள். நான் நடுவில் நின்றேன். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"உன் கணக்கு இன்னா சொல்லுது இப்ப? சொல்லு, கேப்போம்."

ஒரு நாளை வைத்து எதுவும் தெரியாது என்பதுதான் கணக்கு. அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

மீன்காரம்மா மட்டும் கூட்டத்தில் இல்லை. அலையில் முழங்கால் வரை நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட சத்தத்தில்தான் என் சட்டையை விட்டார்கள்.

மரம் தெற்கே முகத்துவாரத்துப் பக்கம் ஒதுங்கி, கரையை ஒட்டி இழுபட்டு வந்துகொண்டிருந்தது. கட்டு அறுந்து ஒரு கட்டை போய்விட்டிருந்தது. அவள் மகன் ஒரு கையால் துடுப்பு போட்டான், மற்றக் கை தொங்கியது. கரையேறியதும் அவள் அவனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். தோள் மட்டும் வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"கட்டுக் கவுறு நஞ்சி கீது, மாத்துடான்னு எத்தினி நாளா சொல்றேன்? சோம்பேறி."

பிறகு கூட்டத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"வடக்கால குப்பத்துலயும் இன்னிக்கி எல்லாம் வெறுங்கைதானாம். அங்க எந்த டீச்சரம்மா நடந்துது?"

கூட்டம் கலையவில்லை. நாட்டார்தான் குனிந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்துக் குடைப் பானையில் போட்டார். அது அடியில் போய் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"பூ கட்டினா கட்டினதுதான்," என்றார். "பாதியில நிறுத்தமாட்டேன். புள்ளைங்கள உள்ள அனுப்பு."

பாதிப் பேர் அனுப்பினார்கள். மீதிப் பேர் மறுநாளும் அனுப்பவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி வாடை அடித்தது, சிவப்பு வந்தது. அக்கா தண்ணீரில் இறங்கிச் சந்தோடு போனாள். அன்றும் வெறும் வலைதான். நாட்டார் மற்றப் பானையில் கல்லைப் போட்டார். பிள்ளைகளை அனுப்பாதவர்கள் அந்தப் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் வந்தார்கள்.

தை முடிவதற்குள் பானைகளைக் கவிழ்த்தார்கள். இரண்டு குவியல். இதிலும் வெள்ளை, அதிலும் வெள்ளை. இதிலும் கறுப்பு, அதிலும் கறுப்பு. நாட்டார் இரண்டையும் விரலால் கிளறிப் பார்த்தார். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி கீதே," என்றார் என்னிடம், ஏமாற்றமாக. "ஒண்ணும் இல்லியே. இதுக்கோசரமா இத்தினி நாளு?"

"அதான் நாட்டாரே. ஒண்ணும் இல்ல."

"நான் இன்னாமோ வரும்னு பாத்தேன்."

ஊரும் அப்படித்தான் நினைத்தது போலிருக்கிறது. வேடிக்கை முடிந்த மாதிரி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். குடை வரைந்த பானையை மீன்காரம்மா கருவாட்டுக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வஞ்சிரம் எதுவும் வரவில்லை. நான் உட்கார்ந்து இரண்டு குவியலுக்கும் சூத்திரம் போட்டுப் பார்த்தேன். விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தது. காலேஜில் எந்தப் பரீட்சையிலும் நான் அவ்வளவு ஆசையாக ஒரு பூஜ்யத்தைப் பார்த்ததில்லை.

மாசியில் ஒரு நாள் தப்பிப்போன வாடை ஒன்று அடித்தது. சந்தில் தண்ணீர். இப்போது பூ இல்லை, பானை இல்லை. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். அன்று எனக்கு விடுமுறை. கொஞ்ச தூரத்தில் பின்னால் போனேன்.

நேரம் பார்த்து, முதல் மரத்தை அப்போதுதான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளியவர்களில் தோள் வீங்கி ஆறிப்போன மீன்காரம்மா மகனும் இருந்தான். அக்கா நேராக அவர்கள் முன்னால் போய்விட்டாள்.

"டீச்சரம்மா, இப்டி தள்ளி நில்லு," என்றான் அவன். "மரம் கால்ல ஏறிடப் போவுது."

அவள் தள்ளி நின்றாள். மரம் அலையில் இறங்கியது. அவன் ஏறித் துடுப்பு போட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. அக்கா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஈர மணலில் மேலே நடந்து போனாள். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.